மூன்றாம் வார்டுப் புள்ளி

எங்கள் ஊரில் காய்ச்சல் முதலில் என் கணினியில்தான் வரும். பிறகுதான் ஆட்களுக்கு வரும்.

சுகாதார அலுவலகத்தில் எனக்கு அனிமேஷன் வேலை. எண்களைப் புள்ளிகளாக்கி, ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி நகர்த்த வேண்டும். ஒரு புள்ளி, ஒரு ஆள். புள்ளி சிவந்தால் ஆளுக்குக் காய்ச்சல். புள்ளி மறைந்தால் ஆள் இல்லை; திரையின் அடியில் காய்ச்சல் கணக்குக் கோடும் இறங்கும். என்னைக் குறை சொல்லாதீர்கள். கணக்கு அனுப்புவது வேறு பிரிவு.

திங்கட்கிழமை, எங்கள் தெரு இருக்கும் மூன்றாம் வார்டில் ஒரு புள்ளி மறைய மறுத்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். என் மனைவி செண்பகவல்லி. உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். உடம்பெல்லாம் சிவப்பு.

"என்னங்க, இப்படியா வெடுக்குனு நகர்த்துவீங்க? தலை சுத்துது."

"காலையில நல்லாத்தானே இருந்தே?"

"காலையில நீங்க கம்ப்யூட்டரைத் தொடலையே."

மவுஸிலிருந்து கையை எடுத்தேன். அதற்குள் துணை இயக்குநர் தில்லைவாணி மேடம் பின்னால் வந்து நின்றார்.

"அந்தப் புள்ளி ஏன் நிக்குது?"

"என் வீட்டுக்காரி மேடம்."

"இருக்கட்டும். நாளைக்கு அமைச்சர் பாக்குறாரு. கோடு இறங்கணும். மறைய வைங்க."

செண்பகவல்லி கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள். "நல்லா இருக்கே நியாயம்! போறவங்க, போயிட்டு வரேன்னு ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?"

எல்லாப் புள்ளிகளும் எழுந்தன. ஒவ்வொன்றாகத் திரையின் ஓரத்துக்கு வந்து, திரும்பிப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்றன.

மேடத்துக்குச் சங்கடம். "வெறும் போறேன்னு சொல்லச் சொல்லுங்க."

"வாயைக் கழுவுங்க மேடம்" என்றேன். கோபம் வந்துவிட்டது.

மேடமும் நம்ம ஊர்தான். போய்க் கழுவிவிட்டு வந்தார். வராண்டா நீண்டுவிட்டிருந்ததால் வர நேரமாயிற்று.

"வரேன்னு சொன்னா வந்துதான் ஆகணும். வர வைங்க. ஆனா கோடும் இறங்கணும்."

படம் முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும்படி செய்தேன். புள்ளிகள் போகும், கோடு இறங்கும். புள்ளிகள் வரும். கோடு இறங்கிய நேரம் பார்த்து அமைச்சர் கைதட்டிவிட்டுப் போனார்.

வீட்டிலும் அப்படித்தான். செண்பகவல்லி தட்டு வைப்பாள், காணாமல் போவாள். வந்து சோறு போடுவாள், போவாள். குழம்பு வருவதற்குள் சோறு ஆறிவிடும். ஆறட்டும். அவள் வருகிறாளே, எனக்கு அது போதும்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் காவலாளி சூசைராஜ் கட்டடத்து மெயின் சுவிட்சை அணைக்க வந்தார்.

"அணைக்காதீங்கண்ணே. அவ இப்போ போயிருக்கா."

"வந்தப்புறம் அணைச்சிடவா சார்?"

"வந்தா நிக்க மாட்டாண்ணே. உடனே கிளம்பிடுவா."

அப்போது புள்ளிகள் திரும்பி வந்தன. சூசைராஜ் குனிந்து எட்டாம் வார்டுப் புள்ளி ஒன்றில் விரல் வைத்தார்.

"பெருசாக்கவாண்ணே?"

"வேணாம் சார். நடையைப் பாத்தாலே தெரியுது. எங்கம்மா."

அவர் கீழே போனார். மெயினைத் தொடவில்லை; அறை அறையாக விளக்குகள் அணைந்தன. மின்விசிறி நின்றது. திரை மட்டும் எரிந்தது. அவர் திரும்பி வந்து ஸ்டூலை என் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

புள்ளிகள் எல்லாம் மறுபடி போயிருந்தன. காத்திருந்தோம். வழக்கத்தைவிட நேரமாயிற்று. எனக்குப் பயமாக இருந்தது.

ஓரத்தில் ஒரே ஒரு புள்ளி வந்தது. பின்னால் வேறு எதுவும் வரவில்லை. நாங்கள் இருவரும் எழுந்து நின்றோம்.

"யாருன்னு பாருங்க சார்" என்றார்.

"நீங்க பாருங்கண்ணே" என்றேன்.