அண்ணன் பேசி முடிக்கிற வரைக்கும்

அவளுக்குப் பல் செட் செய்கிற லேப்பில் வேலை. மெழுகில் ஈறு செதுக்கி, அதில் பற்களை ஒவ்வொன்றாகப் பதித்து, யாரோ முகம் தெரியாதவர்கள் சிரிப்பதற்கு வழி செய்து கொடுப்பாள். அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் பல்லுக்காரி. "ஊரார் வாய்க்கெல்லாம் பல் வைப்பா, தன் வாயை மட்டும் மூடமாட்டா" என்று கேலி செய்வான்.

கேலி செய்வான் என்றால் வாயால் அல்ல. பிறந்ததிலிருந்தே அவனுடைய கையும் காலும் சொன்ன பேச்சு கேட்டதில்லை. நாக்கும் அப்படித்தான். கழுத்து மட்டும் அவன் பக்கம் நின்றது. நெற்றிப் பட்டையில் ஒரு சின்ன விளக்கு. சக்கர நாற்காலியின் தட்டில் எழுத்துப் பலகை. முதலில் மெய்யெழுத்தின் மேல் வெளிச்சம் நிற்கும், பிறகு உயிரெழுத்தின் மேல். இரண்டையும் சேர்த்து எதிரே இருப்பவர் ஓர் எழுத்தாக வாசிக்க வேண்டும். பலகையின் ஒரு மூலையில் 'ஆமா', மறு மூலையில் 'இல்லை'. இந்த வெளிச்சத்தை வைத்துக்கொண்டுதான் அவன் ஒரு வாரப் பத்திரிகைக்குக் குறுக்கெழுத்துப் போட்டி தயாரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தான்.

அப்பா அம்மா போன பிறகு வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். அவள் வேலைக்குப் போகும் நேரத்தில் அண்ணனைக் குளிப்பாட்ட, ஊட்ட, வெளியே கூட்டிப்போக அரசாங்கத் திட்டத்தில் ஒரு துணையாள் வருவான். ஆள் உயரமும் ஒல்லியும். 'ஒட்டடைக்குச்சி' என்று அண்ணன் பெயர் வைத்ததில் அவனுக்கு ஏகப்பட்ட பெருமை. கேட்பவர்களிடம் எல்லாம் தானே சொல்லிக்கொள்வான்.

அந்த ஒட்டடைக்குச்சிதான் ஒருநாள் முகம் செத்துப்போய் வந்து நின்றான்.

"அக்கா, திட்டத்தை மாத்தப் போறாங்களாம். வீட்டுல வேலை செய்யுற வயசுல ரத்த சொந்தம் யாராவது இருந்தா இனிமே துணையாள் கிடையாதாம். அவங்களே பாத்துக்கணுமாம்."

"அதெப்படி? அப்ப நான் லேப்புக்குப் போறதா வேணாமா?"

"அதுமட்டும் இல்லக்கா. ஏதாவது சம்பாதிக்கிறவங்களுக்கு நிஜமாவே உதவி தேவையான்னு திரும்பவும் சோதிப்பாங்களாம். அண்ணே, நீங்க குறுக்கெழுத்துப் போடுறதும் அதுல வரும்."

அண்ணனின் வெளிச்சம் பலகையில் நகர்ந்தது. ஒட்டடைக்குச்சி எழுத்துக் கூட்டி வாசித்தான். "அப்ப இனிமே நெடுக்கெழுத்துப் போடுறேன்."

மூன்று பேரும் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் அவள், "நான் இருக்கேன்ல அண்ணா, பாத்துக்க மாட்டேனா?" என்றாள். மனசார சொன்னாள் என்றும் சொல்ல முடியாது, பொய் என்றும் சொல்ல முடியாது. அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மாற்றத்தைப் பற்றிக் கருத்துச் சொல்ல விரும்புகிறவர்கள் நேரில் வரலாம் என்று அறிவிப்பு வந்தது. ஆளுக்கு மூன்று நிமிஷம். என்ன பேசுவது என்று அவள் குளிக்கும்போதும் சமைக்கும்போதும் ஒத்திகை பார்த்தாள். முந்தின நாள் அண்ணன் சொன்னான், "நான் பேசுறேன்."

"மூணு நிமிஷத்துல நீ வணக்கம் சொல்றதுக்குள்ள மணி அடிச்சிடுவாங்க. நான் பேசிடுறேன், நீ பக்கத்துல இரு."

"நான்."

அவனுக்கு ஒரு பிடிவாதம் வந்தால் கிரேன் வைத்தும் நகர்த்த முடியாது. "சரி, நான் வாசிக்கிறேன்" என்று இறங்கி வந்தாள். அவன் இன்னும் ஒரு வார்த்தை சேர்த்தான். "யூகிக்காதே."

அது அவளுக்குச் சுருக்கென்றது. அண்ணன் இரண்டு எழுத்தைக் காட்டினால் மூன்றாவதை அவளே சொல்லிவிடுவாள். பாதி வாக்கியம் வந்தால் மீதியை முடித்துவிடுவாள். பார்க்கிறவர்கள் ஆச்சரியப்படுவார்கள். என்ன பாசம், என்ன புரிதல் என்பார்கள். அவளும் அப்படித்தான் நினைத்திருந்தாள்.

கூட்டம் நடந்த மண்டபத்துக்குள் நுழைந்ததுமே அவள் நின்றுவிட்டாள். அவள் வாழ்க்கையில் சக்கர நாற்காலி என்றால் ஒன்றுதான், அது அண்ணனுடையது. இங்கே வாசல் வரைக்கும் சக்கரங்கள். வெள்ளைக் கோல்கள், ஊன்றுகோல்கள், காது கேளாதவர்களின் வரிசையில் பறக்கும் விரல்கள், அம்மாவின் தோளில் சாய்ந்தபடி ஆடிக்கொண்டே இருக்கும் ஒரு வளர்ந்த மகன். இத்தனை பேர் இதே ஊரில் இத்தனை வருஷமாக எங்கே இருந்தார்கள்? எல்லோரும் அவரவர் வீட்டில், அவளைப்போல் ஒருத்தியோடு இருந்திருக்கிறார்கள் என்று தோன்றியபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது.

மேடையில் கருத்துக் கேட்கும் குழுவின் தலைவி. பக்கத்தில் திட்ட அதிகாரி. அதிகாரி கெட்டவராகத் தெரியவில்லை, நிதானமாகத்தான் விளக்கினார். "குடும்ப அன்புக்கு நாங்க விலை போட விரும்பல. சொந்தம் செய்யுற இடத்துல அரசாங்கம் எதுக்குக் குறுக்கே வரணும்? யாருமே இல்லாதவங்களுக்கு அந்த உதவி போய்ச் சேரட்டும்."

கேட்க நியாயமாகவே இருந்தது. அதுதான் பயமாக இருந்தது.

அண்ணனின் முறை வந்தது. பலகைக்கு மேலே ஒரு கேமராவைப் பொருத்தி, அது காட்டியதைப் பெரிய திரையில் விழவைத்தார்கள். வெளிச்சம் 'எ'யில் நின்றது. பிறகு 'ன்'. அவள் சத்தமாக வாசித்தாள். "என்."

அடுத்து 'த்', பிறகு 'அ'. "த." நெற்றியில் வேர்வை துளிர்க்க அவன் கழுத்தைத் திருப்பித் திருப்பி எழுத்தைப் பிடித்தான். "தங்கச்சி" என்று முடிவதற்குள் மணி அடித்துவிட்டது.

"மன்னிக்கணும்" என்றார் தலைவி. குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது. "எல்லாருக்கும் ஒரே விதிதான். எழுதிக் குடுத்தீங்கன்னா கண்டிப்பாப் படிப்போம். அடுத்தவர்?"

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். கையில் வெள்ளைக் கோல். "அடுத்தது நான்தான். என் நேரத்தை அவருக்குக் குடுத்துடுங்க."

"அம்மா, அப்படி வழக்கம் இல்லையே."

"எனக்குக் குடுத்த நேரம்தானே? நான் என்ன வேணா பண்ணுவேன்."

பின்னாலிருந்து ஒரு முரட்டுக் குரல், "என்னோடதும் அவருக்கு." ஊன்றுகோல் ஒன்று உயர்ந்தது. காது கேளாதவர்களின் வரிசையில் ஒருவர் கையசைக்க, மொழிபெயர்ப்பாளர் சொன்னார், "இந்த வரிசை முழுக்க அவருக்காம்." மண்டபத்தின் மூலைமுடுக்கிலிருந்து எல்லாம் குரல் வந்தது. மாதக்கணக்கில் மனசுக்குள் தேக்கி வைத்ததைக் கொட்டிவிட்டுப் போக வந்தவர்கள், அதை அப்படியே விழுங்கிவிட்டு, முன்பின் தெரியாத ஒருவனுக்கு வழி விட்டார்கள்.

தலைவி மணியை மேஜைக்குக் கீழே வைத்தார். "பேசட்டும்" என்றார்.

பிறகு அந்த மண்டபத்தில் கேட்டது அவளுடைய குரல் மட்டும்தான். "இல்... லா... ம." என் தங்கச்சி இல்லாம. அவளுக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. யூகிக்காதே என்று அண்ணன் சொன்னதெல்லாம் மறந்தே போயிற்று.

"என் தங்கச்சி இல்லாம என்னால வாழ முடியாதுன்னு சொல்றார்" என்றாள்.

அதிகாரி தலையசைத்துக் குறித்துக்கொண்டார்.

வெளிச்சம் ஒரே வெட்டாக மூலைக்குப் போயிற்று. இல்லை. எல்லோரும் பார்க்கும்படி திரையில் 'இல்லை'யின் மேல் நின்றது. அவளுக்கு முகம் சுட்டது. கூட்டத்தில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினான். இந்தத் தடவை அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். எழுத்து வந்தால் வாசித்தாள். வராதபோது சும்மா நின்றாள்.

"என் தங்கச்சி இல்லாம இருக்க நான் கத்துக்கணும்."

திரையில் வெளிச்சம் அவசரமில்லாமல் நகர்ந்தது.

"நான் இல்லாம இருக்க அவளும் கத்துக்கணும். அதுக்குத்தான் ஆள் கேக்குறோம்."

கூடவே வளர்ந்தவன், அவள் கையால் சாப்பிடுகிறவன், வேர்வையின் வாசனையைக்கூட அவள் அறிந்தவன். அவனுக்குள்ளே அவள் எட்டிப் பார்க்காத இவ்வளவு பெரிய இடம் இருந்திருக்கிறது. மலையடிவாரத்திலேயே குடியிருந்துவிட்டு முதல்தடவையாக நிமிர்ந்து பார்த்தவளைப்போல அவள் அவனைப் பார்த்தாள்.

யாரும் கை தட்டவில்லை. காது கேளாதவர்களின் வரிசையில் கைகள் உயர்ந்து, விரல்களை விரித்து அசைந்தன. அது அவர்களுடைய கைதட்டல். பார்த்த மற்றவர்களும் முடிந்த கையை உயர்த்தினார்கள். மண்டபம் முழுக்கச் சத்தமே இல்லாமல் கைகள் அசைந்தன. ஒட்டடைக்குச்சி சுவரோரம் நின்று, நீளமான இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு, மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்தான். அதிகாரி தான் எழுதியதை அடித்தார்.

உடனே எல்லாம் மாறிவிடவில்லை. பல மாதம் இழுத்தடித்து, கடைசியில் சொந்தம் இருந்தால் துணையாள் இல்லை என்ற பகுதியைக் கைவிட்டார்கள். யார் என்ன உதவி செய்ய வேண்டும் என்று உதவி தேவைப்படுகிறவரிடமே கேட்பது என்று முடிவாயிற்று. மற்றவை அப்படியே வந்தன. சம்பாதிக்கிறவர்களுக்கான சோதனை வந்தது. முதலில் நேரத்தை விட்டுக்கொடுத்த அந்தப் பெண்ணுக்கு வேலைக்குப் போய்வரக் கிடைத்த பயண உதவி நின்றே போனது. அண்ணன் அந்தப் பெண்ணோடு சேர்ந்து மேல்முறையீட்டுக்கு எழுதிக்கொண்டிருக்கிறான். ஒரு மனுவுக்கு ஒரு வாரம் ஆகிறது. ஒரு வார்த்தை மிகையாக இருக்காது.

என்ன உதவி வேண்டும் என்று அவனிடமும் கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைக்கும் ஆள் வேண்டும் என்றான். ஒட்டடைக்குச்சியின் சித்தப்பா ஒருவர் வரத் தொடங்கினார். அந்த முதல் ஞாயிறு அவள் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தண்ணீர் வைத்தீர்களா, விளக்குக்குப் புது பேட்டரி போட்டீர்களா என்று அவரிடம் கேட்டுக்கொண்டே இருந்தாள். அண்ணன் பொறுத்துப் பார்த்துவிட்டு, "வெளியே போ பல்லுக்காரி" என்றான்.

எங்கே போவது என்று தெரியாமல் பஸ் நிறுத்தத்தில் நின்றாள். முதலில் வந்த பஸ்ஸில் ஏறிவிட்டாள். எங்கே போகணும் என்று நடத்துநர் கேட்டார்.

"இது எதுவரைக்கும் போகும்?"

"கடைசி நிறுத்தம் ஏரிக்கரைம்மா."

"அங்கேயே ஒண்ணு குடுங்க" என்றாள். ஜன்னலோரம் இடம் இருந்தது. உட்கார்ந்தாள். ஜவுளிக்கடை, மரம், மாடியில் துணி உலர்த்துகிற ஒருவர், சுவரில் காய்கிற வெயில். எதையும் தவறவிடக் கூடாது என்பதுபோல் வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டே போனாள்.