ஜட்ஜம்மா சொன்னது

அத்தை ஒரு டீஸ்பூன் தண்ணீரை அப்பாவின் வாயருகே கொண்டுபோனதும் மகள் எழுந்து நர்ஸைக் கூட்டிவரப் போய்விட்டாள். கட்டிலின் தலைமாட்டில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது, வாய் வழியாக எதுவும் தரக்கூடாது என்று. நர்ஸ் ஸ்பூனை வாங்கிக்கொண்டாள். "புரை ஏறி நுரையீரலுக்குள்ள போயிடும்மா. அப்புறம் எங்களைக் கேக்காதீங்க." அத்தையை வராந்தாவில் போய் உட்காரச் சொன்னாள். அத்தை கைப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

பதினாலு வயசுக்காரிக்கு உலகத்தில் சரி, தப்பு என்று இரண்டே டப்பாதான். சின்னப் பெண்ணாக இருந்தபோது லிஃப்டில் 'எட்டுப் பேர்' என்று எழுதியிருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்து, ஒன்பதாவதாக ஏறிய சொந்தச் சித்தப்பாவை இறக்கிவிட்டவள். அப்பாவுக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. "எட்டுன்னு எழுதினா பத்தைத் தாங்கும், ஜட்ஜம்மா," என்று சொல்லிச் சிரித்தார். அன்று ஒட்டிக்கொண்ட பெயர். அவளுக்கு அதில் பெருமைதான். வகுப்பில் யார் பார்த்து எழுதினாலும் டீச்சரிடம் சொல்லிவிடுவாள். அதனால் மதியம் சாப்பிடத் துணை கிடையாது. அதற்காக அவள் மாறியதும் கிடையாது.

அம்மா குளித்துத் துணி மாற்ற வீட்டுக்குப் போயிருந்தாள். நாலைந்து நாளாக நாற்காலியை விட்டு நகராதவளை அத்தைதான் விரட்டி அனுப்பியிருந்தாள்.

"தண்ணி," என்றார் அப்பா.

"கூடாதுப்பா. டாக்டர் சொல்லியிருக்காங்க."

கொஞ்சம் கழித்து மறுபடியும். "ஜட்ஜம்மா, ஒரு வாய்."

"சரியானதும் குடிக்கலாம்ப்பா."

அவர் கண் மேசைமேல் இருந்த பாட்டிலுக்குப் போய்ப் போய் வந்தது. பார்த்தால்தானே கேட்கத் தோன்றும் என்று அவள் பாட்டிலை எடுத்து ஜன்னல் திரைக்குப் பின்னால் வைத்தாள். நல்ல யோசனை என்றே நினைத்தாள். திரும்பியபோது அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பியிருந்தார். அப்புறம் கேட்கவில்லை. மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் ஓடிப்போய் ஆட்களைக் கூட்டிவந்தாள். அவர்கள் அவளை வெளியே நிற்கச் சொன்னார்கள். அவள் மறுபடி உள்ளே போனபோது அப்பா உயிரோடு இல்லை.

டியூட்டி மாறி வந்த வேறொரு நர்ஸ் குழாய்களைக் கழற்றினாள். "உதடு இப்படி வெடிச்சிருக்கே. பஞ்சை நனைச்சு ஒத்தி எடுத்திருக்கலாமே. குடிக்கத்தான் கூடாது."

"அப்படி எழுதலையே," என்றாள் மகள்.

"அதையெல்லாமா எழுதிவைப்பாங்க," என்று நர்ஸ் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போர்வையைச் சரிசெய்தாள். அப்பா செத்துப்போனதைவிட அந்த உதடுதான் மகளைப் போட்டு வதைத்தது.

மறுநாள் எல்லாம் முடிந்து வீடு திரும்பினார்கள். அம்மா தட்டைத் தொடவில்லை. அவளுக்கு ஒரே கேள்விதான்.

"கடைசியா ஏதாவது கேட்டாரா?"

"ஒண்ணும் கேக்கல. தூக்கத்துலயே போயிட்டான்," என்றாள் அத்தை.

"நீங்க வெளியிலதானே உக்காந்திருந்தீங்க அண்ணி. என் மனசு ஆறட்டும்னு சொல்றீங்க." அம்மா மகள் பக்கம் திரும்பினாள். "நீ சொல்லு. நீதானே உள்ள இருந்த. உனக்குப் பொய் சொல்ல வராது."

உண்மை தயாராக இருந்தது. ரெண்டு தடவை கேட்டார், நான் தரவில்லை, பாட்டிலை ஒளித்துவைத்தேன். யாராவது கேட்கமாட்டார்களா என்றுதான் அவள் காத்திருந்தாள். திட்டு வாங்கினால், ஏன், அடி வாங்கினால்கூடத் தேவலை என்று இருந்தது. ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்ததும், தான் இறக்கிவைக்கிற பாரம் எங்கே போய் உட்காரும் என்பது உறைத்தது. அத்தை அவளைப் பார்க்காமல் டம்ளர்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். வராந்தாவுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஒரு திரைதான், அத்தைக்கு எல்லாமே கேட்டிருக்கும்.

"தூங்கிட்டுதான் இருந்தார்மா," என்றாள். "ஒண்ணும் கேக்கல."

அம்மா அவளையே பார்த்தாள். "அப்ப சரி," என்றாள். ஆறிப்போன தட்டை இழுத்துவைத்துக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தாள்.

மகள் சமையலறைக்குப் போய்ச் சும்மா நின்றாள். அம்மாவுக்காகச் சொன்னோமா, நம்மைக் காப்பாற்றிக்கொள்ளச் சொன்னோமா என்று யோசித்துப் பார்த்தாள். பிரிக்க முடியவில்லை. அவமானமாக இருந்தது. அம்மா சாப்பிடுகிற சத்தம் கேட்டது, அது நிம்மதியாகவும் இருந்தது.

சாயங்காலம் அப்பாவோடு வேலை பார்த்த பெரியவர் துக்கம் விசாரிக்க வந்தார். அம்மா இப்போது தெளிவாகப் பேசினாள்.

"தூக்கத்துலயே போயிட்டார். கஷ்டமே படல. இவதான் கூட இருந்தா, கடைசிவரைக்கும் கையைப் பிடிச்சுக்கிட்டே. இவ பொய் சொல்லமாட்டா, உங்களுக்கே தெரியுமே."

கையைப் பிடித்ததாக அவள் சொல்லவே இல்லை. அடுத்தவர் பேச்சில் ஒரு வார்த்தை கூடக்குறைய வந்தாலும் உடனே திருத்துகிறவள். அறைக் கதவருகே நின்ற அத்தை தலையைத் தூக்கிப் பார்த்தாள்.

மகள் அதைத் திருத்தவில்லை.

பெரியவர் எழுந்து வந்து அவள் வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டார். அவர் விடுகிறவரைக்கும் அவள் அதை இழுத்துக்கொள்ளவில்லை.