மேலால் ஒரு பந்து

பந்து கைக்கு வந்தால் நான் நின்றுவிடுவேன். என்மேல் இருந்த குற்றம் அதுதான். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் வளர்ந்தவள் நான். வலைப்பந்தில் பந்தோடு ஓட முடியாது, பிடித்த இடத்திலேயே நின்று எறிய வேண்டும். டென்மார்க்காரரின் ஹான்ட்போல் அப்படியில்லை. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடலாம். விபோர்க்கில் நாங்கள் ஆடிய சின்னக் கிளப்பில் மற்றப் பெண்கள் எல்லாரும் ஓடிப்போன பிறகும் நான் நடுவில் மரம் மாதிரி நிற்பேன்.

பயிற்சியாளர் இங்கருக்கு அதைக் கண்டால் விசர் பிடிக்கும். அவளுக்குத் தெரிந்த தாக்குதல் ஒன்றே ஒன்றுதான். வெளியே வாங்கில் இருந்தபடி முஷ்டியைக் காட்டுவாள். உடனே நான் பந்தை இடதுபக்கம் நிற்கும் கிர்ஸ்டனுக்குக் கொடுக்க வேண்டும், கிர்ஸ்டன் எழும்பி அடிப்பாள். போன வருடம் முழுக்க அப்படித்தான் வென்றார்களாம். வென்றதை ஏன் மாற்ற வேண்டும் என்று கேட்பாள். மற்ற அணிகள் அதைப் பாடமாக்கிவிட்டன, இந்த வருடம் தோற்றுக்கொண்டல்லவா இருக்கிறோம் என்றேன். அப்படியானால் கிர்ஸ்டன் இன்னும் பலமாக அடிக்க வேண்டும் என்றாள். நல்ல விளக்கம்!

நான் இதில் பிடிவாதமாக நின்றதற்குக் காரணம் இருக்கிறது. அது 1988. என் கணவர் மயூரதன் கொழும்பில் ஒரு லொட்ஜில் இருந்தார். அவரை டென்மார்க்குக்குக் கூப்பிட நான் போட்ட விண்ணப்பத்துக்கு ஓம் என்றும் பதில் இல்லை, இல்லை என்றும் பதில் இல்லை. எங்கள் ஆட்கள் எல்லாருக்கும் அதே கதிதான். அலுவலகத்தில் கேட்டால் பொறு என்றார்கள். வக்கீலும் பொறு என்றார். கடைசியில் மயூரதனே தொலைபேசியில் பொறுமையாய் இரும் என்றபோது, கோபம் வந்து ரிசீவரை வைத்துவிட்டு அழுதேன். அந்த விளையாட்டு மண்டபத்தில் மட்டும்தான் அடுத்தது என்ன என்பது என் கையில் இருந்தது. அதையும் ஒரு முஷ்டி வந்து பறிப்பதா?

மேரிசெலின் மட்டக்களப்புக்காரி. என்னோடு முதியோர் இல்லத்தில் வேலை செய்தவள், அணியிலும் இருந்தாள். வலைப்பந்தில் வளையத்துக்குள் பந்து போடுவதுதான் அவளுக்கும் பழக்கம். ஹான்ட்போலில் கோலுக்கு முன்னால் ஒரு கோடு உண்டு. அதைத் தாண்டிக் கால் ஊன்றக் கூடாது. ஆனால் வெளியிலிருந்து பாய்ந்து, கால் நிலத்தில் படுமுன் அடிக்கலாம். நான் நின்று, தடுப்பவர்களின் தலைக்கு மேலால் போட்டால், நீ பாய்ந்து பிடித்து அந்தரத்திலேயே அடிப்பாயா என்று அவளிடம் கேட்டேன்.

"போடுங்க அக்கா. பிடிக்கிறது என்ட வேலை," என்றாள்.

முதல்முறை முஷ்டியைப் பாராமல் மேலால் போட்டேன். பந்து நேரே கோல்காரியின் கைக்குள் போனது. இங்கர் என்னை வெளியே இருத்திவிட்டு, இன்னொருமுறை இப்படிச் செய்தால் அணியில் இடமில்லை என்றாள். அடுத்த ஆட்டத்தில் திரும்பவும் செய்தேன். மேரிசெலின் பறந்தாள். கோல்! கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. இங்கர் என்னை வெளியே எடுக்கவுமில்லை, மெச்சவுமில்லை.

அதற்குப் பிறகு வந்ததுதான் பகிடி. இங்கருக்கு அந்தப் பந்தில் மோகம் பிடித்துவிட்டது. முஷ்டி போய், விரித்த கை மேலே போகத் தொடங்கியது. எடுத்ததற்கெல்லாம் மேலால், மேலால் என்று ஒரே கூச்சல்.

கடைசி ஆட்டம். தோற்றால் கீழ்ப்பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான். இரண்டு பக்கமும் சமனாக நிற்க, முடிய ஒரு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் பந்து என் கைக்கு வந்தது. நின்றேன். இங்கரின் கை முகட்டைக் காட்டியது. மேரிசெலினுக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். அவளைப் பார்த்து அவர்களும் பயந்து போயிருந்தார்கள். அதனால் இடதுபக்கம் கிர்ஸ்டன் தன்னந்தனியே நின்றாள். பழையதை எதிர்த்து இத்தனை நாள் சண்டை பிடித்தவள் நான். இப்போது பழையதுதான் சரி. மேரிசெலினைப் பார்த்தபடியே பந்தைக் கிர்ஸ்டனுக்குக் கொடுத்தேன். அவள் எழும்பி அடித்த அடியில் வலை ஆடியது.

ஆட்டம் முடிந்து எல்லாரும் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்க, இங்கர் முகம் சிவந்து என்னிடம் வந்தாள். பழையதைச் சொன்னால் புதியதைச் செய்கிறாய், புதியதைச் சொன்னால் பழையதைச் செய்கிறாய், உனக்கு என்னதான் பிரச்சினை என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த அரைகுறை டேனிஷில் சொன்னேன்:

"உங்கட கை அங்கை இருக்கு. பந்து என்ரை கையிலை இருக்கு. நான் பாத்துத்தான் போடுவன்."

அவள் எல்லாரையும் கூப்பிட்டு, என்னைக் காட்டி, அடுத்த பருவத்திலிருந்து தாக்குதலைத் தீர்மானிப்பது செல்வமலர்தான் என்று அறிவித்தாள். மேரிசெலின் என் கையைப் பிடித்து நசித்தாள்.

டென்மார்க்கில் என் பக்கம் வந்த முதல் முடிவு அது. பொறுத்திருந்து வந்ததல்ல.