மாடத்தியின் நாற்பது ஊசி டிஸ்க்

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது கெட்டுப்போன என் லேப்டாப். அதற்கு முதலில் நன்றி. தாராவியில் பொன்செல்வியின் ரிப்பேர் கடையில் என் முறைக்காக உட்கார்ந்திருந்தேன். எம்பிராய்டரி பட்டறை நடத்தும் மாடத்தி, ஒரு பழைய ஹார்ட் டிஸ்க்கை முந்தானையில் பொதிந்துகொண்டு வந்தாள். கம்ப்யூட்டர் செத்துவிட்டது. அவள் வரைந்த சேலை டிசைன்கள் அத்தனையும் அந்த டிஸ்க்கில். வேறு நகல் இல்லை. அவை போனால் பட்டறையை மூட வேண்டியதுதான்.

(முதலில் "மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு" என்று ஆரம்பித்தேன். மழையே இல்லை. விட்டுவிட்டேன்.)

2

"இது ஐடிஇ மதினி. இதுக்கு ஒயரு இப்ப எவன்ட்ட இருக்கும்?" என்றாள் பொன்செல்வி.

இங்கே கொஞ்சம் கட்டுரை. ஐடிஇ என்பது டிஸ்க்கை மதர்போர்டோடு இணைக்கும் பழைய முறை. நாற்பது ஊசி, பட்டையான ஒயர். (அதில் நான் வேட்டி காயப்போட்டிருக்கிறேன். இஸ்திரி தேவைப்படவில்லை.) அகலத்தைப் பார்த்து வேகம் என்று நம்பிவிடக் கூடாது. ஒரு கூட்டமே கைகோத்துக்கொண்டு தாதர் ஸ்டேஷன் பாலம் ஏறுகிற மாதிரி. கடைசி ஆள் வரும்வரை எல்லோரும் நிற்க வேண்டும். பின்னால் வந்த சாட்டா ஒல்லி ஒயர், ஒற்றை வரிசையில் ஓட்டம். இப்போதைய என்விஎம்இக்கு ஒயரே கிடையாது. மதர்போர்டிலேயே குடியிருக்கிறது, வாஷியில் லோக்கல் ரயில் நிற்பதற்குள் சீட்டில் உட்கார்ந்துவிடுகிறவர்களைப் போல.

3

இந்த இடத்தில் பழைய இரும்புக் கடை பைசான், ஐடிஇ அடாப்டரோடு வருகிறான். இவ்வளவு வசதியாக வருகிற ஆளை நீங்கள் நம்ப மாட்டீர்கள். நானும் அந்த வரியை இரண்டு முறை அடித்துப் பார்த்தேன். வந்தவனை என்ன செய்ய?

மாட்டினார்கள். திரையில் ஒன்றும் வரவில்லை.

"ஏட்டி, சுத்துதுல்லா?"

"சுத்துது மதினி. பேச மாட்டேங்கு."

"எங்க வீட்டுக்காரரு மாதிரி."

பொன்செல்வி டார்ச் அடித்துப் பார்த்தாள். பழைய கம்ப்யூட்டரில் இது இரண்டாவது டிஸ்க். "நான் இளையவன்" என்று சொல்லும் சின்னப் பிளாஸ்டிக் ஜம்பர் பின்பக்கம் அப்படியே இருந்தது. இல்லாத மூத்தவன் முதலில் பேசட்டும் என்று மரியாதையாகக் காத்திருக்கிறது. அதைப் பிடுங்கி இடம் மாற்றிச் செருகினாள்.

திறந்த முதல் ஃபைலில் ஒற்றைக்கால் மயில்.

"படிக்கையில போட்டது. இன்னொரு காலு எனக்கு வரல" என்றாள் மாடத்தி. கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோருக்கும் டீ சொன்னாள். எனக்கும்தான். "முறைய விட்டுக்குடுத்தியள்லா அண்ணாச்சி."

நான் விட்டுக்கொடுக்கவில்லை, தூங்கிவிட்டேன். டீயை வாங்கிக்கொண்டேன்.

4

நகல் ஓடுகிறது. டிஸ்க் அவ்வப்போது இருமுகிறது.

முடிவு (அ): எல்லா டிசைனும் பத்திரமாக வந்து சேர்ந்தது.

முடிவு (ஆ): பாதி வழியில் டிஸ்க்

மாடத்தி என் தாளை எட்டிப் பார்த்தாள். "என்ன எழுதுதிய?"

"கதை."

"அதுல டிஸ்க்கக் கெடுத்துராதிய அண்ணாச்சி."

அவள் வாங்கித் தந்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு (ஆ)வை எழுத முடியாது. (அ)வை எழுதினால் பொய். மாங்காய் பார்டர் டிசைன்வரைதான் வந்திருக்கிறது. திரையில் பச்சைக் கோடு நகர்கிறது. நின்ற மாதிரி இருக்கிறது. இல்லை, நகர்கிறது. இவ்வளவு தூரம் கூட வந்த உங்களுக்கும் நன்றி. மிச்சத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். டிஸ்க் இருக்கிற மேசையில் மட்டும் சாயாதீர்கள்.