எட்டு அங்குலம்

"அப்பா, டேப் எல்லாத்தையும் அளக்குது. டேப்பை யாரு அளப்பாங்க?"

தையற்காரரின் மகள் இதைக் கேட்டபோது அவளுக்கு ஐந்து வயது. வெட்டு மேசைக்கு அடியில் உட்கார்ந்து, கீழே விழும் துண்டுத் துணிகளை நிறம் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். வாயில் குண்டூசிகளைக் கடித்திருந்த தையற்காரர் அவற்றை எடுத்துவிட்டுச் சிரித்தார்.

"டேப்பு கடவுள் மாதிரிம்மா. அதை யாரும் அளக்க முடியாது."

"கடவுள் உங்க கழுத்துல தொங்குவாரா?"

அன்று கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அவரும் அந்தக் கேள்வியை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். மகள் வளர்ந்து, கல்யாணமாகி, வேறு ஊருக்குப் போய்விட்டாள். கேள்வி மறந்துபோயிற்று. டேப் மட்டும் அதே டேப். நுனியில் பித்தளைத் தகடு வைத்த மஞ்சள் துணி டேப். அவருடைய குருநாதர் கொடுத்தது. தினமும் காலையில் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு, "ஆண்டவனே, கை சரியா ஓடணும்" என்று கண்மூடி நின்றுவிட்டுத்தான் கத்திரியைத் தொடுவார்.

இந்த வருஷம் அவருக்குச் சோதனை இரண்டு பக்கமும் வந்தது. மனைவிக்கு முழங்காலில் அறுவை சிகிச்சை, ஆஸ்பத்திரியில் பத்து நாள். திரும்பி வந்த மறுநாளே கடைக் கட்டடத்தின் சொந்தக்காரர், "மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிக் கொடுங்க டெய்லர், இடிச்சுக் கட்டப் போறோம்" என்று சொல்லிவிட்டார். வேறு இடம் தேட வயதும் இல்லை, வசதியும் இல்லை. வீட்டுச் சுவருக்கும் பக்கத்து வேலிக்கும் நடுவே கிடந்த சந்தில் தகரக் கூரை போட்டுத் தையல் மெஷினை அங்கே கொண்டுவருவதென்று முடிவு செய்தார். அந்தச் சந்துதான் இனி சோறு.

அப்போதுதான் வேலியைப் பார்த்தார்.

பழைய மரவேலி இல்லை. அந்தப் பத்து நாளுக்குள் பக்கத்து வீட்டு டிரைவர், சிமெண்ட் தூண்கள் நட்டுக் கம்பிவலை கட்டிவிட்டிருந்தார். தனி ஆளாக, ஒரு வார்த்தை கேட்காமல். டிரைவர் பஸ் ஓட்டுகிறவர். மனைவி இறந்து நாலு வருஷமாகிறது, பிள்ளைகள் இல்லை.

"வேலி நல்லா இருக்குல்ல டெய்லர்? பழசு மட்கிப் போயிடுச்சு. செலவெல்லாம் என்னுது, நீங்க ஒண்ணும் யோசிக்காதீங்க!" என்று டிரைவர் அந்தப் பக்கத்திலிருந்து கையை ஆட்டினார்.

கேட்காமல் கிடைக்கும் உபகாரம் சிலருக்கு இனிக்கும், சிலருக்கு உறுத்தும். தையற்காரருக்கு உறுத்தியது. ஆள் இல்லாத நேரம் பார்த்து, கைக்காசைப் போட்டு, எவனாவது அடுத்தவனுக்கும் சேர்த்து வேலி கட்டுவானா?

டிரைவர் வேலைக்குப் போனதும் கழுத்திலிருந்த டேப்பை எடுத்தார். வேலிக்கு எதிர்ப்பக்கத்து மதிலில் ஆரம்பித்து வேலி வரைக்கும், ஒவ்வொரு டேப் நீளத்துக்கும் சாக்கட்டியால் கோடு போட்டுப் போட்டு அளந்தார். ஒரு டேப் ஐந்தடி. பத்திரத்தில் இருப்பது அறுபது அடி. சரியாகப் பன்னிரண்டு டேப் வரவேண்டும். பன்னிரண்டாவது டேப் முடிவதற்குள் வேலி வந்துவிட்டது. எட்டு அங்குலம் குறைந்தது.

மறுபடி அளந்தார். மறுபடியும் எட்டு.

"எட்டு இஞ்சு அமுக்கிட்டான்," என்று வீட்டுக்குள் வந்து சொன்னார்.

கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மனைவி வெண்டைக்காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "யாருங்க?"

"உன்னைத் தங்கச்சின்னு கூப்பிடுற அந்தப் பாசமலர் அண்ணன்தான்."

"சும்மா இருங்க. அந்த மனுஷன் ஆஸ்பத்திரிக்கு மூணு தடவை கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாரு."

"கஞ்சியைக் கொடுத்துட்டுக் காணியை எடுத்துட்டான். நீ அங்கே குடிச்சுக்கிட்டிருந்தே, அவன் இங்கே குழி தோண்டிக்கிட்டிருந்தான்."

"எட்டு இஞ்சை வச்சு அவரு என்னத்தப் பண்ணுவாரு? விமானம் இறக்கப் போறாரா?"

"எட்டு இஞ்சுங்கறது ஒரு ஆள் ஒருக்களிச்சு நடக்கிற இடம். மேசையைப் போட்டா சுத்தி வர வழியில்ல. நான் என்ன மேசை மேல ஏறி நின்னா வெட்டுறது?"

"மேசையைத் திருப்பி நெடுக்கால போடுங்களேன்."

"வெளிச்சம் இடது பக்கம் வரணும்டி. உனக்கு என்ன தெரியும்."

அன்றிலிருந்து அவர் கண் வேலியை விட்டு அகலவில்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவருக்கு வெளுத்ததும் பேயாகத் தெரிந்தது. டிரைவர் காலையில் வணக்கம் சொன்னால், ஏன் இவ்வளவு பணிவு என்று தோன்றியது. ஒருநாள் சொல்லாமல் போனால், குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று தோன்றியது.

வேலியை ஒட்டி, தையற்காரர் பக்கம் ஓர் எலுமிச்சை மரம் உண்டு. மனைவி மகளைச் சுமந்திருந்த வருஷம் நட்டது. அதன் அடியில் புதிதாக மண் குவித்திருந்தது. ஒரு நாள் விடிகாலையில் பல் தேய்த்துக்கொண்டே பார்த்தார். டிரைவர் குனிந்து, வலைக்குக் கீழே கையை விட்டு, ஒரு தகர டப்பாவிலிருந்து அந்த மண்ணில் எதையோ ஊற்றிக்கொண்டிருந்தார். இவரைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து டப்பாவைப் பின்னால் கொண்டுபோனார்.

"என்னத்த ஊத்துறீங்க?"

"தண்ணிதான் டெய்லர். வேற என்ன?"

தண்ணீரை ஏன் ஒளிக்க வேண்டும்? மரத்தைப் பட்டுப்போக வைத்துவிட்டால் இன்னும் கொஞ்சம் தள்ளலாம் என்ற கணக்கோ? அந்த மண்மேடு எதற்கு? பழைய எல்லைக்கல் ஒன்று அந்தப் பக்கம் எங்கோ இருந்ததே, அதைப் பிடுங்கிப் புதைத்துவிட்டானோ? தையற்காரர் வாயிலிருந்த நுரையை வேலியைப் பார்த்துத் துப்பினார்.

கம்பிவலைக்கு அந்தப் பக்கம், கைக்கெட்டும் தூரத்தில், டிரைவரின் துணிக்கொடி. காக்கிச் சட்டை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. தொழில் புத்தி, கண் தானாகக் காலருக்குப் போயிற்று. மடிப்பில் தேய்ந்து, நூல் பிரிந்து, உள்ளே வைத்த வெள்ளைத் துணி பல் இளித்தது. 'காலர் பிஞ்சவனுக்கு அடுத்தவன் நிலம் கேக்குது' என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பில் ஒரு சின்ன இன்பம் இருந்தது. அப்படிப்பட்ட இன்பத்தைக் கண்டுதான் மனிதன் பயப்பட வேண்டும்.

அந்த வாரமே இன்னொரு எரிச்சல். ஆஸ்பத்திரி ஜன்னல்களுக்குத் திரை தைத்துக் கொடுத்திருந்தார். நர்ஸ் ஒரு சீட்டில் அளவு எழுதிக் கொடுத்ததை வைத்துத் தைத்தது. எல்லாம் திரும்பி வந்துவிட்டன. தரையைக் கூட்டுகிறதாம், ஒன்றரை அங்குலம் நீளமாம்.

"ஊசி போடத் தெரிஞ்சா அளக்கத் தெரிஞ்சிடுமா?" என்று முணுமுணுத்தபடி கீழ் மடிப்பைப் பிரித்துத் தைத்தார். "முப்பத்தஞ்சு வருஷமா நான் தைச்ச ஒரு சட்டை தப்பினதுண்டா?"

உண்மைதான். ஒன்றுகூடத் தப்பியதில்லை.

கடைசியில் நில அளவை அலுவலகத்தில் மனு கொடுத்தார். 'பக்கத்து வீட்டுக்காரர் என் நிலத்தை அபகரித்துள்ளார்' என்று எழுதினார். திருடர் என்று எழுதவில்லை. எழுதாத அந்தச் சொல்லைத் தெருமுனையில் நாலு பேரிடம் சொல்லிவிட்டிருந்தார்.

நோட்டீஸ் வந்த அன்று மாலை டிரைவர் காக்கி உடுப்போடு வேலியண்டை வந்து நின்றார். கையில் அந்தக் காகிதமும், அதோடு வந்த மனுவின் நகலும்.

"டெய்லர், இது நீங்க கொடுத்ததா?"

"என் கையெழுத்து தெரியலையா?"

"தெரியுது. அதான் கேக்கறேன். ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"நீங்க வேலி போடறப்ப என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? பத்து நாள் வீடு பூட்டிக் கிடந்தது வசதியாப் போச்சு."

டிரைவர் எதையோ சொல்ல வாயெடுத்தார். ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்த தையற்காரரின் மனைவியைக் கண்டதும் அடக்கிக்கொண்டார். "சரி. சர்வேயர் வரட்டும். அவங்க சொன்னா வேலியை நானே பிடுங்கறேன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"பாத்தியா? பதில் இல்ல," என்றார் தையற்காரர்.

"சில பேருக்குப் பதில் இருந்தாலும் சொல்ல வராதுங்க," என்றாள் மனைவி.

சர்வேயரம்மா ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வந்தார். தலையில் தொப்பி, தோளில் பை, கையில் வரைபடம். எஃகு டேப்பின் நுனியைத் தையற்காரர் கையிலேயே கொடுத்து மதிலில் பிடிக்கச் சொன்னார். டிரைவரை வேலியோரம் நிற்கச் சொன்னார். டேப்பை இழுத்துக் குனிந்து பார்த்தார். வரைபடத்தைப் பார்த்தார். எலுமிச்சை மரத்தடி மண்மேட்டைப் பார்த்தார்.

"இதுக்குள்ள என்ன இருக்கு?"

"அதைத்தாம்மா நானும் கேக்கறேன்," என்றார் தையற்காரர்.

சர்வேயரம்மா சிறு மண்வெட்டியால் மெதுவாகக் கிளறினார். முதலில் ஈரமான, விரல் தடிமன் வேர்கள். அவற்றுக்கு நடுவே, அசையாமல் ஊன்றியிருந்த சதுரக் கல்லின் தலை. அதன்மேல் இருந்த மண்ணைக் கையால் துடைத்தார். பழைய எல்லைக்குறி தெரிந்தது.

கல் இருந்தது வேலிக்கு இந்தப் பக்கம். தையற்காரர் பக்கம்.

"கல் அதோட இடத்துலதான் இருக்கு. அளவும் ஒத்து வருது. மதில்லேருந்து கல்லு வரைக்கும் அறுபது அடி," என்றார் சர்வேயரம்மா. "வேலிதான் நாலு இஞ்சு தள்ளி இருக்கு. ஆனா மனு கொடுக்க வேண்டியவர் அவருங்கய்யா. உங்ககிட்ட அவரோட நாலு இஞ்சு இருக்கு."

"இல்லம்மா," என்றார் தையற்காரர். "நான் ரெண்டு தடவை அளந்தேன். எட்டு இஞ்சு குறைஞ்சது."

"எதை வச்சு அளந்தீங்க?"

அவர் கழுத்துக்குக் கை போயிற்று. சர்வேயரம்மா அந்த மஞ்சள் டேப்பை வாங்கி எஃகு டேப்பின் பக்கத்தில் வைத்து நீவினார். மஞ்சள் டேப்பில் அறுபது முடிந்த இடத்தில், எஃகு டேப் அறுபத்தொன்று காட்டியது.

"இழுத்து இழுத்து நீண்டுடுச்சு. டேப்புக்கு ஒரு இஞ்சு. பன்னெண்டு தடவை போட்டீங்கன்னா பன்னெண்டு இஞ்சு. அவரு கொடுத்த நாலு போக, எட்டு." அவர் சிரிக்காமல் சொன்னார். அதுதான் அதிகமாகச் சுட்டது. "இதை வச்சு எப்படிய்யா சட்டை தைக்கிறீங்க?"

எப்படி? ஆளையும் இதே டேப்பால் அளந்தார், துணியையும் இதே டேப்பால் அளந்தார். தப்பு தப்போடு பொருந்திப் போயிற்று. வேறொருவர் அளந்த அளவு கைக்கு வந்தபோதுதான் திரை தரையைக் கூட்டியது. அப்போதும் அவர் நர்ஸைத்தான் சந்தேகப்பட்டார். தன் அளவுகோலாலேயே எல்லாவற்றையும் அளக்கிறவனுக்கு அது பிசகியது கடைசிவரை தெரிவதில்லை.

மேசைக்கு அடியிலிருந்து ஐந்து வயதுக் குரல் ஒன்று கேட்டது போலிருந்தது.

"டிரைவரே," என்றார் தையற்காரர். "இந்த நாலு இஞ்சு…"

டிரைவர் மரத்தையே பார்த்தார். "குழி தோண்டறப்ப பெரிய வேர் குறுக்க வந்துச்சு. வெட்டிட்டுத் தூணை நடலாம்தான். தங்கச்சி ஆஸ்பத்திரியில படுத்திருக்கு, திரும்பி வர்றப்ப மரம் பட்டுப்போய் நின்னா மனசு என்னமா இருக்கும்? சரி, தள்ளி நட்டுட்டேன். ரெண்டு மூணு சின்ன வேர் அறுந்துதான் போச்சு. அதுக்குத்தான் மண்ணு அணைச்சேன், தண்ணி ஊத்தினேன்."

"டப்பாவை ஏன்யா ஒளிச்சீங்க?"

"வேரை அறுத்துட்டேனேன்னு ஒரு பயம்தான்."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே."

"சொன்னா நாலு இஞ்சுக்கு நன்றி கேட்டு நிக்கற மாதிரி ஆயிடும். அதுவும் தங்கச்சி பாத்துக்கிட்டிருந்துச்சு. விடுங்க டெய்லர். நீங்க ஊர்ல சொன்னதெல்லாம் என் பஸ்ஸுல ஏறாத யாரோ சொன்னதா நினைச்சுக்கறேன்."

தையற்காரர் வேலியை உடனே மாற்றிவிடலாம் என்றார். டிரைவர் கேட்கவில்லை. "வேர் மறுபடி அறுபடணுமா?" என்று ஒரே பேச்சாக மறுத்துவிட்டார். சர்வேயரம்மா நோட்டில் ஏதோ எழுதி இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். அடுத்த நாள் காலை தையற்காரர் தெருமுனைக்குப் போய், முன்பு யார் யாரிடம் சொன்னாரோ அதே நாலு பேரைத் தேடிப் பிடித்து, தன் வாயாலேயே திருத்திச் சொன்னார். அது அளவு எடுப்பதைவிடக் கஷ்டமான வேலையாக இருந்தது.

மாசக் கடைசியில் சந்துக்குத் தகரக் கூரை வந்தது. மேசையை நெடுக்கால போட்டார்கள். மனைவி கதவுநிலையைப் பிடித்து நின்றபடி, "வெளிச்சம் எந்தப் பக்கம் வருதுங்க?" என்று கேட்டாள். எலுமிச்சை இலைகளுக்கு ஊடாக, இடது பக்கம்தான் வந்தது. அவர் குனிந்து மெஷினுக்கு எண்ணெய் விட்டார். அவள் விடவில்லை, "இடம் எப்பவும் இவ்வளவுதான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள்.

இரண்டு நாள் கழித்து ஒரு மத்தியானம். டிரைவர் பஸ்ஸில் இருந்தார். மனைவி சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். தெருவில் ஒரு நாய்கூட இல்லை. துணிக்கொடியில் அந்தக் காக்கிச் சட்டை மொறுமொறுவென்று காய்ந்திருந்தது.

தையற்காரர் வேலிக்கு மேலே கையை நீட்டிக் கிளிப்பை விடுவித்தார். வாழ்நாளில் முதல்முறையாக அடுத்தவர் வேலிக்குள் கை விட்டு ஒரு பொருளை எடுத்தார். மேசைக்குக் கொண்டுவந்து, பிளேடு முனையால் காலரின் அடித்தையலை ஒவ்வொன்றாக வெட்டிக் கழற்றினார். தேய்ந்த பக்கத்தில் உள்ளேயிருந்து ஒரு துண்டு வைத்து நெருக்கமாகத் தைத்தார். பிறகு காலரை அப்படியே திருப்பினார். வெயில் படாத, தேயாத பக்கம் மேலே வந்தது. பழைய ஊசித்துளைகளின் மேலேயே மெஷினை ஓட்டினார். டேப்பே தேவைப்படவில்லை. இஸ்திரி போட்டு, கைவிரலால் மடிப்பை நீவிவிட்டார்.

சட்டையை முன்பு இருந்தபடியே தோள் இரண்டிலும் பிடித்துக் கொடியில் போட்டார். நீலக் கிளிப் இடது தோளில் இருந்தது, வெள்ளைக் கிளிப் வலது தோளில். அப்படியே மாட்டினார். சட்டையில் ஒட்டி வந்த நூல் பிசிறு ஒன்று டிரைவர் பக்கத்து மண்ணில் விழுந்து கிடந்தது. வலைக்குக் கீழே கையை விட்டு அதையும் பொறுக்கிக்கொண்டு உள்ளே போனார்.