முழுகாதவர்களுக்கு ஒரு பெட்டி சவுக்காரம்

1

இந்தக் கதை ஒரு சிரிப்பிலிருந்து பிறந்தது. 1979ஆம் ஆண்டு, பிரிஞ்சாங் மலைநகரில் ஒரு சீர்திருத்தக் கூட்டத்தில், "மூடப்பழக்கத்தில் முழுகிக் கிடக்கும் சமுதாயமே!" என்று முழங்கிவிட்டு, தேயிலைத் தோட்டத்து லோரியில் ஏறினேன். பின்னால் இருந்த பெண்கள் அந்த "முழுகி"யைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். காரணம் கேட்டேன்.

"அது பொம்பளைங்க சமாச்சாரம்லா, பேச்சாளரே" என்றாள் வேலாயி. கொழுந்து பறிப்பவள், பேரன் எடுத்தவள். ஆனாலும் லோரி நிற்பதற்குள் அந்தச் சொல்லின் பொருளையும், அதனால் தன் தோட்டத்தில் நடந்ததையும் சொல்லி முடித்தாள்.

(ஒரு பெண் "முழுகாமல் இருக்கிறாள்" என்றால், மாதவிலக்கு நின்று தலைமுழுகும் நாள் வரவில்லை, அதாவது அவள் கருவுற்றிருக்கிறாள் என்று பொருள். இதை அறிந்த வாசகர்கள் சற்றே சிரிப்பை அடக்கிக்கொள்ளுங்கள். இக்கதையில் அறியாதவர் ஒருவர் வரப்போகிறார்.)

2

முதல் தொடக்கம்: "தாய்க்குலமே! தளிரைக் கிள்ளும் உன் தளிர்க்கரத்தில் தளை பூட்டியவன் எவன்? தடுத்து நிறுத்த வேண்டிய தமிழன்..."

[நிறுத்துகிறேன். மேடையில் இதற்குக் கைதட்டல் கிடைக்கும். கதைக்கோ முதலில் ஒரு பெண் வேண்டும்.]

அம்சவல்லி. தோட்டத்தில் மருந்தடிப்பவள். களையைக் கொல்லும் நஞ்சுக்கு அங்கே "மருந்து" என்று பெயர். அப்பெயரைச் சூட்டியவன் முதுகில் நஞ்சு நிறைந்த தெளிப்புப் பம்பை ஒரு நாளாவது ஏற்ற வேண்டும். பம்பைச் சுமந்து சரிவுகளில் ஏறி இறங்கிய காலத்தில் அவளுடைய முதல் கரு கலைந்தது. இப்போது மீண்டும் கருவுற்றிருக்கிறாள். வெளியே சொன்னால் தோட்டத்துக் கணக்கரான கிராணி வேலைப் பட்டியலிலிருந்து பேரை வெட்டிவிடுவார். கருவுற்றவளுக்கு வேலையில்லை என்பது அந்தத் தோட்டத்தின் எழுதாத சட்டம். சொல்லாவிட்டால் பம்பு முதுகைவிட்டு இறங்காது. பிள்ளையா, பிழைப்பா? இதுவே கதை. தோட்டத்தின் பெயரைக் கேட்காதீர்கள்.

3

அடுத்து சந்திரமதி. தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் கருக்கள் ஏன் இப்படிக் கலைகின்றன என்று ஆராயப் பல்கலைக்கழகம் அனுப்பிய டாக்டர். முதல் வரைவில் அவரைக் கொடியவராகப் படைத்தேன். குதிகால் செருப்பும் குளிர்க்கண்ணாடியும் கொடுத்தேன். ஆனால் வேலாயியின் குரலில் அவர்மீது வெறுப்பே இல்லை. கண்ணாடியைக் கழற்றிவிட்டேன். ஆங்கிலப் பள்ளியில் பயின்று, வீட்டுக் கூடத்தில் காதில் விழுந்த அளவே தமிழ் அறிந்தவர். எனினும் வீடு வீடாகச் சென்று தரையில் உட்கார்ந்து கேட்டவர்.

"ஒடம்பு எப்படி இருக்கு, அக்கா?"

"முழுகாம இருக்கேன்மா, மூணு மாசமா. கிராணி காதுல விழுந்துடாம பாத்துக்குங்க" என்றாள் அம்சவல்லி.

முன்பு கரு கலைந்த வேறு சில வீடுகளிலும் அதே பதில், அதே கிசுகிசுப்பு. சந்திரமதி திகைத்தார். குளிர்ந்த மலை, குழாயில் வருவதோ பனி. பாவம், மாதக்கணக்கில் குளிக்காததை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறார்கள் என்று எண்ணினார். பெயர்களை எவரிடமும் சொல்லவில்லை. ஆனால் ஆய்வின் முடிவை எழுதினார்: உடல் தூய்மையின்மை கருவைக் கெடுக்கிறது, லயங்களுக்குச் சுடுநீர் தேவை.

தோட்ட நிர்வாகியான துரை சுடுநீரை விட்டுவிட்டுத் தூய்மையின்மையைப் பிடித்துக்கொண்டார். பெட்டி நிறையக் குளியல் சவுக்காரம் வாங்கினார். [பழி உழைப்பவள் தோலின்மீது, பரிகாரம் ஒரு பெட்டி சவுக்காரம். இதைவிட மலிவான மருத்துவத்தை எந்த முதலாளி கண்டிருக்கிறார்?]

4

தோட்டத்து மண்டபம். பெண்கள் தரையில். துரை நாற்காலியில், அருகே கிராணி சாம்பசிவம். சந்திரமதி ஒரு சவுக்காரக் கட்டியை அம்சவல்லியின் கையில் வைத்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்:

"வெக்கப்படாதீங்க அக்கா. இனிமே நீங்களும் முழுகிடலாம்."

அம்சவல்லி கையை உதறினாள். கட்டி தரையில் விழுந்தது.

"என்னா வார்த்த சொல்றீங்க! போன தடவ முழுகினது பத்தாதா எனக்கு?"

"அடி ஆத்தே!" என்றாள் வேலாயி. "டாக்டரம்மா, முழுகலன்னா குளிக்கலன்னு நெனச்சீங்களா? புள்ளத்தாச்சிலா!"

மண்டபம் குலுங்கிச் சிரித்தது. சந்திரமதியும் முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்துவிட்டார். சாம்பசிவம் மட்டும் சிரிக்கவில்லை.

"அப்ப நீ புள்ளத்தாச்சி. நாளைக்கு வராத. ஒம்பேரு இல்ல."

அம்சவல்லி எழுந்து நின்றாள். [இங்கே அவள் வாயில் ஒரு பக்க உரையை வைத்தேன், அடித்துவிட்டேன். அவள் சொன்னது இவ்வளவே.]

"சவுக்காரம் வேணாம் தொரை. பம்ப எறக்குங்க. வேற வேல குடுங்க. பேரு இருக்கட்டும்."

அப்போது வேலாயி முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"என் பேரயும் வெட்டு, கிராணியாரே. நானும் முழுகாமதான் இருக்கேன்."

"ஒனக்கா? பேரன் எடுத்த கெழவிக்கா?"

"ஏன், ஒன்னக் கேட்டுக்கிட்டா?"

"நானும் முழுகல" என்று இன்னொருத்தி எழுந்தாள். "நானும்லா!" "எனக்கும் எழுதிக்க!" மணமாகாத ஒருத்தி எழுந்தபோது அவள் தாய் கையைப் பிடித்து இழுத்தாள்; பிறகு தாயும் எழுந்தாள். மலை முழுவதும் கொழுந்து தளிர்த்து நின்ற பருவம் அது. அத்தனை பேரையும் வெட்டினால் மறுநாள் துரையும் கிராணியும்தான் கூடை கட்டவேண்டும்.

சந்திரமதி அந்தப் பெண்களின் பக்கம் போய் நின்றார். "என் முடிவு தப்பு. என்கிட்ட முழுகலன்னு சொன்ன, முன்ன கரு கலஞ்ச அத்தன பேரும் பம்பு தூக்குறவங்க."

மருந்துதான் காரணம் என்று நிரூபிக்க முடியுமா என்று துரை ஆங்கிலத்தில் கேட்டார். எல்லாருக்கும் கேட்கட்டுமென்று சந்திரமதி தமிழில் பதில் சொன்னார்:

"இன்னும் முடியல. முடியுற வரைக்கும் பம்பு கீழ இருக்கட்டும்."

5

முடிவுகள்.

அ. நான் மண்டபத்துக்குள் புயலெனப் புகுந்து பேசி வெல்வது. நீக்கினேன். நான் அங்கே இல்லவே இல்லை. அவர்களுக்கு நான் தேவைப்படவும் இல்லை.

ஆ. துரை மனம் திருந்துவது. மனம் திருந்தவில்லை, கணக்குத் திருந்தியது. மறுநாள் காலை, கருவுற்ற பெண்களை நாற்றுப் பண்ணைக்கு அனுப்பிப் பேர் போட்டார் சாம்பசிவம். வேலாயியிடம், "ஒனக்கும் நாத்து வேலையா?" என்று கேட்டாராம். "இல்ல, காலையிலதான் முழுகினேன்" என்று கூடையைத் தூக்கினாளாம். வென்றார்கள்! சிரித்தே வென்றார்கள்!

இ. அம்சவல்லிக்குப் பிறந்த குழந்தை

[இந்த வாக்கியத்தை முடிக்க மாட்டேன். குழந்தை வாழ்ந்தது என்றால் கை தட்டிவிட்டுப் போவீர்கள். மடிந்தது என்றால் கண்ணைத் துடைத்துவிட்டுப் போவீர்கள். பம்பு இன்னும் இறங்காத தோட்டங்கள் இருக்கின்றன. உங்களைப் போகவிட எனக்கு மனமில்லை. வாக்கியத்தை நீங்கள் முடியுங்கள். ஆனால் பார்த்து எழுதுங்கள்: அந்த மண்டபத்தில் ஒருத்தியும் இன்னும் உட்காரவில்லை.]