மிச்ச மருந்து

சென்னையின் பெரிய வக்கீல் நிறுவனம் ஒன்றில் ஒன்பது வருடம் மாடாய் உழைத்தாள் வேல்விழி. பங்குதாரராக உழைப்பு மட்டும் போதாதாம்; சொந்தமாக ஒரு கட்சிக்காரரைப் பிடித்துவர வேண்டுமாம். எம். புதுப்பட்டி கிராமத்துப் பட்டாசுத் தொழிலாளியின் மகளுக்கு வேறு யாரைத் தெரியும்? அம்மா வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனியின் முதலாளி காசிராஜனைக் கட்சிக்காரராகப் பிடித்துக் கொடுத்தாள். அடுத்த மாதமே அந்தக் கம்பெனியில் ஓர் அறை வெடித்து, வெடிமருந்து கலக்கும் சங்கிலிமுத்து செத்துப்போனார்.

முந்தின நாள் கலந்த மருந்தில் மிச்சமிருந்தால் அழித்துவிட வேண்டும். மறுநாள் தொட்டால் ஆளைக் காவு வாங்கிவிடும். அந்த ஊர்ச் சின்னப்பிள்ளைக்கும் இது தெரியும். கம்பெனி தப்பிக்க வேண்டுமானால், சங்கிலிமுத்து தன் இஷ்டத்துக்கு மிச்ச மருந்தை எடுத்தார் என்று அவர் மனைவி சின்னத்தாயிடமே கையெழுத்து வாங்க வேண்டும். அதே ஊர்க்காரியாய்ச் சின்னத்தாயைச் சித்தி என்று கூப்பிடும் வேல்விழிதான் அதற்குத் தோதான ஆள் என்று நிறுவனம் கண்டுபிடித்தது. என்ன மூளை!

ராஜினாமாக் கடிதத்தைச் செல்போனில் எழுதி வைத்துக்கொண்டுதான் ஊருக்கு வந்தாள். பங்குதாரர் பட்டியல் வர இன்னும் பதினைந்து நாள். சின்னத்தாய் ஒரு தடவை மாட்டேன் என்று சொல்லிவிட்டால் போதும், கடிதத்தை அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்குவாள்.

"வா தாயி, சாப்பிட்டியா?" என்றபடியே சின்னத்தாய் பேனாவை வாங்கினாள்.

"என்னன்னு கேட்டுட்டுப் போடுங்க சித்தி." வேல்விழியே வாசித்துக் காட்டினாள்.

"மிச்ச மருந்த எடுக்கச் சொன்னதே கம்பெனிதான். தீபாவளி லோடு போகணும்னு அம்புட்டு அவசரம். முடியாதுன்னு சொன்ன மனுசன்." சின்னத்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "அங்கன நின்னவுக எல்லாருக்கும் தெரியும்."

"அப்பப் போடாதீக. நானும் இந்த வேலைய விட்டுர்றேன்."

சின்னத்தாய் பதறிப்போனாள். "ஏத்தா, அப்பிடிச் சொல்லாத! கம்பெனிக்குச் சீல் வச்சுட்டா ஊரே எங்க போகும்? எம் மக மாரிசெல்வியும் அங்கனதான் வேல பாக்கா. நீ போயிட்டா வேற ஒருத்தன் வருவான், எங்களுக்காக ஒரு வார்த்த பேசுவானா? நீ பெரிய ஆளாயிட்டா, அவள மருந்து ரூமுல விடாதீகன்னு மொதலாளிட்டச் சொல்லலாம்ல? அதுக்குத்தான் போடுறேன்."

எழுத்துக்கூட்டிக் கையெழுத்துப் போட்டாள். முடியாது என்று சங்கிலிமுத்து சொன்னதையே காதில் போட்டுக்கொள்ளாத கம்பெனி, வேல்விழியின் சொல்லையா கேட்கப்போகிறது? கேட்காது. அது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"பெரிய ஆளாயிருவேல்ல தாயி?"

"ஆயிருவேன் சித்தி" என்றாள் வேல்விழி. பிறகு செல்போனை எடுத்து, சின்னத்தாயின் முன்னாலேயே கடிதத்தை அழித்தாள்.